தண்ணித் தொட்டியைத் தாண்டி

பொள்ளாச்சியிலிருந்து ஒரு சாக்கு இளநீரைச் சுமந்துகொண்டு உத்திரமேரூரில் வந்து இறங்கினேன். கார்த்திகை மாதம். மழை விட்டிருந்தது, ஆனால் வானம் பிழியாத துணிபோல் தலைக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது. இந்த ஊருக்கு வருகிறவர்கள் கல்வெட்டைப் பார்க்க வருவார்கள். நான் கார் ஓட்ட வந்தேன்.

தனசேகரும் நானும் இருபது வருஷத்துக்கு முன்னால் சென்னையில் ஓர் அச்சகத்தில் எதிரெதிரே உட்கார்ந்து பிழை திருத்தியவர்கள். அப்புறம் நான் கவிதை என்று அலைந்தேன், அவன் நிலத்தைப் பார்க்க ஊருக்குத் திரும்பினான். போன வாரம் பைக்கில் சறுக்கி விழுந்து வலது கையை உடைத்துக்கொண்டான். கை கூடிவிடும். கவலை அதுவல்ல. அவன் தங்கை மல்லிகாவுக்கு இரண்டு சிறுநீரகமும் வேலை செய்வதில்லை. செவ்வாயும் வெள்ளியும் காஞ்சிபுரத்து ஆஸ்பத்திரியில் அவளை டயாலிசிஸ் மிஷினோடு இணைக்க வேண்டும். இதுவரை கார் ஓட்டியது அவன்தான்.

"ஒரு வாரம் வந்து ஓட்டு கவிஞரே. அதுக்குள்ள எங்க மச்சான் பெங்களூர்லேந்து வந்துடுவாரு," என்றான் போனில். கவிஞரே என்பது மரியாதை இல்லை. அச்சகத்துக் கிண்டல், இன்னும் பழுக்காமல் அப்படியே இருக்கிறது.

ஊர், உத்திரமேரூரிலிருந்து கொஞ்ச தூரம். பேரை எழுத வேண்டாம் என்று தனசேகர் பிறகு கேட்டுக்கொண்டான். எழுதவில்லை.

வாசலில் சாக்கைப் பிரித்ததும் மல்லிகா எட்டிப் பார்த்தாள். முப்பத்தெட்டு வயது, ஒல்லி, முகம் மட்டும் லேசாக ஊதியிருந்தது. இளநீரைப் பார்த்ததும் சிரிக்க ஆரம்பித்தாள், சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"இன்னாண்ணா, எமனுக்கு லிப்ட் குடுத்து இட்டுனு வந்துகீற?"

இளநீரில் இருக்கும் உப்பு சிறுநீரகம் போனவர்களின் இதயத்தை நிறுத்திவிடுமாம். எனக்குத் தெரியாது. எங்கள் பக்கம் எந்த நோயாளியைப் பார்க்கப் போனாலும் இளநீர்தான். கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று தனசேகர் சாக்கைக் கார் டிக்கியில் போடச் சொன்னான். அந்த வாரம் முழுக்க, ஒவ்வொரு வளைவிலும், எனக்குப் பின்னால் என் அறியாமை உருண்டு உருண்டு இடித்தது.

மறுநாள் செவ்வாய். நாஷ்டாவுக்கு எனக்கும் தனசேகருக்கும் இட்லியும் வடகறியும். மல்லிகாவுக்கு உப்பில்லாத இட்லி இரண்டு. பக்கத்தில் ஒரு சின்ன எவர்சில்வர் டம்ளர். ஒரு நாளைக்கு அந்த டம்ளரால் நாலு தடவை. குழம்பு, மோர், மாத்திரை விழுங்கும் தண்ணீர் எல்லாம் அதற்குள் அடக்கம். சுற்றிலும் பார்க்கிறேன். வயலில் தண்ணீர், வாய்க்காலில் தண்ணீர், வாசல் பள்ளத்தில் தண்ணீர். பொள்ளாச்சியில் ஆழ்குழாயில் புகை வருகிற கோடையில்கூட நாங்கள் சொம்பு சொம்பாகக் குடிப்போம்.

தனசேகர் வழி சொல்லும் விதம் தனி. கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, இடது கையால் காற்றைக் காட்டுவான்.

"புளியமரத்தாண்ட லெப்ட்டு."

"எந்தப் புளியமரம்?"

"வெட்டிட்டாங்க. அது இருந்த எடம்."

ரைஸ் மில் இருந்த இடம், ஐயங்கார் கிணறு தூர்ந்த இடம், பழைய போஸ்ட் ஆபீஸ் இருந்த இடம். இல்லாத பொருள்களால் ஆன ஓர் ஊருக்குள் அவன் தடுமாறாமல் போனான். இருக்கிற ஊருக்குள் நான் தடுமாறினேன். போனில் மேப்பைத் திறந்து பக்கத்தில் வைத்தேன். ஊரிலிருந்து மேற்கே போகும் சாலை ஓடையைத் தரைப்பாலத்தில் தாண்டி பெரிய ரோட்டில் சேர்கிறது. அதே ஊரிலிருந்து கிழக்கே மயிரிழைபோல் ஒரு கோடு ஓடி, ஏரியைச் சுற்றி, திருமுக்கூடல் பக்கம் போகிற ரோட்டைத் தொட்டது.

"இது என்ன வழி?"

"அது வழி இல்ல, வரப்பு. தண்ணித் தொட்டியோட முடிஞ்சிடும். அந்தாண்ட காலனி."

பின்சீட்டில் மல்லிகா ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் ஜன்னலைப் பார்த்தாள்.

அன்றைக்கு மூன்றாம் மணி நேரத்தில் அவளுக்கு ரத்த அழுத்தம் இறங்கிவிட்டது. பாதியில் நிறுத்தினார்கள். "மிச்சத் தண்ணிய வெள்ளிக்கிழமை எடுத்துக்கலாம். வெள்ளி மட்டும் தவற விட்டுடாதீங்க," என்றார் நர்ஸ். திரும்பும் வழியில் ஓரிக்கைப் பக்கம் பாலாற்றைத் தாண்டினோம். ஆற்றில் மணல் திட்டுகள் இன்னும் தெரிந்தன. தூரத்தில் மேகம் கறுத்துக்கொண்டிருந்தது. மல்லிகா மடியில் கைக்குட்டையை மடித்துப் பிரித்து மடித்தாள்.

புதனும் வியாழனும் மழை. எங்கள் ஊரில் மழை மலையிலிருந்து இறங்கி வரும், வருவது தெரியும். இங்கே அது மேலேயிருந்து கொட்டவில்லை, நிலத்திலிருந்து எழும்புகிற மாதிரி இருந்தது. வியாழன் மத்தியானம் ஏரி நிரம்பிக் கலங்கலில் விழ ஆரம்பித்தது. ஏரி உடையாமல் இருக்க, மிஞ்சின தண்ணீர் தானாக வழிந்து ஓடைக்குப் போகக் கட்டின கல் சுவர் அது. ஊரே குடை பிடித்துக்கொண்டு பார்க்கப் போனது. நானும் போனேன். வெள்ளைப் பாய் விரித்த மாதிரி தண்ணீர் மடிந்து விழுந்தது. செல்பி, கெண்டை பிடிக்கிற கொசுவலை, மிக்சர் பொட்டலம்.

திரும்பி வந்து மல்லிகாவிடம் சொன்னேன். மூன்று தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். படுத்தால் மூச்சு முட்டியது. கால் இரண்டும் வெளுத்து வீங்கியிருந்தன; விரலால் அழுத்தினால் பள்ளம் அப்படியே நின்றது.

"ஏரிக்கு கலங்கல் கீதுண்ணா, மிஞ்சினா தள்ளிடும். எனக்கு அதான் அடைஞ்சு பூடுச்சு," என்றாள். ஒரு வாக்கியத்துக்கு இரண்டு தடவை மூச்சு வாங்கினாள்.

அன்று நான் கவிதை எதையும் யோசிக்கவில்லை. கலங்கல் தண்ணீர் எங்கே போகும் என்று மட்டும் யோசித்தேன். ஓடைக்கு. ஓடையின் மேல் தரைப்பாலம்.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்குக் கிளம்பினோம். மிஷின் நேரம் பதினொன்று. பாலத்துக்கு அரை பர்லாங் முன்னாலேயே ஆட்கள் நின்றார்கள். பாலம் இல்லை. அது இருந்த இடத்தில் பழுப்பு நிறத்தில் ஒரு முதுகு நெளிந்துகொண்டிருந்தது. ஓரத்துக் கல்தூண்களில் இரண்டின் தலை மட்டும் தெரிந்தது, நான் பார்க்கும்போதே ஒன்று மறைந்தது.

108-க்குப் போன் போட்டோம். அக்கரையில் வந்து நிற்கலாம், தாண்ட முடியாது என்றார்கள். டிராக்டர்காரர் ஒருவர் தண்ணீரையும் மல்லிகாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நான் ஒண்டியா இருந்தா பூந்துடுவேன் சேகரு. பொம்பளப் புள்ளைய ஏத்திக்கினு முடியாதுப்பா. நடுவுல குழி வாங்கியிருந்தா?"

"குழி இல்ல மாமா, நேத்து நான் பாத்தேன்."

"நேத்து நீ பாத்தே. இன்னைக்கு தண்ணி பாத்துக்கினு கீது."

ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டேன். பன்னிரண்டு வரை மிஷினை வைத்திருப்பார்கள், அதற்கு மேல் அடுத்த நோயாளி காத்திருக்கிறார், பிறகு நாளைக்குத்தான். நாளைக்கு என்ற சொல்லைக் கேட்டுவிட்டு நான் பின்சீட்டைப் பார்த்தேன். மல்லிகாவின் உதடு நீலமாகத் தொடங்கியிருந்தது. கழுத்து நரம்பு துடிப்பது இங்கிருந்தே தெரிந்தது.

தனசேகர் டிராக்டர்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்ச ஆரம்பித்தான். முரடன் அவன், அச்சக முதலாளியிடம்கூடக் குனிந்ததில்லை. "மாமா, கயிறு கட்டிக்கலாம் மாமா."

"அண்ணே." கார் ஜன்னல் வழியாக மல்லிகா கூப்பிட்டாள். கத்த முடியவில்லை, கதவைத் தட்டினாள். "ரோஸ்லினுக்கு போன் போடு."

"இப்போ எதுக்கு அவ?"

"அவ கம்பெனி வேன்... தினம் காத்தால அஞ்சு மணிக்கு... தண்ணித் தொட்டிக்கு அந்தாண்ட... லைட்டு வருது. நான் மாடிலேந்து பாக்கறேன். அது எங்கேந்து வருது?"

தனசேகருக்கு நாற்பத்தைந்து வயது; சென்னையில் இருந்த கொஞ்ச வருஷம் போக அதே ஊரில்தான் இருக்கிறான். நடவுக்கும் அறுப்புக்கும் ஆள் வேண்டுமென்றால் அவன் அப்பா தண்ணித் தொட்டி வரைக்கும் போய் நின்று குரல் கொடுப்பார். ஆட்கள் வருவார்கள். தனசேகரும் தொட்டி வரைக்கும் போய் நின்று குரல் கொடுத்தான். இப்போது போன் வந்துவிட்டது, தொட்டிவரைகூடப் போவதில்லை. காலனிக்காரர்களுக்கு இந்த ஊரின் ஒவ்வொரு சந்தும் தெரியும்; பஸ் ஸ்டாப்பும் ரேஷன் கடையும் ஊருக்குள்தான் இருக்கின்றன. அவனுக்குத் தொட்டிக்கு அந்தப் பக்கம் வெறும் வரப்பு. இதையெல்லாம் அவன் பின்னால் சொன்னான், கேட்டதற்கு மட்டும், பாதி பாதியாக. அப்போது அவன் பாக்கெட்டிலிருந்து போனை எடுத்துத் தங்கையிடம் நீட்டினான். நம்பர் அவளுக்குத்தான் தெரியும். அவளும் ரோஸ்லினும் பத்தாவது வரை ஒரே பெஞ்சு.

மல்லிகா ஸ்பீக்கரில் போட்டாள். தூக்கக் கலக்கத்தில் ஒரு குரல்.

"இன்னா மல்லி, ஆஸ்பத்திரி போலியா?"

"பாலம் முங்கிடுச்சுடி. உங்க வேன் போற ரோட்டுல... காரு போவுமா?"

போர்வையை உதறுகிற சத்தம் கேட்டது.

"வேனே போவுது, காரு போவாதா? இன்னைக்கு காத்தாலகூட அதுலதான் வந்து எறங்கினேன். கரையோரமா ஒரு எடத்துல மட்டும் ஊத்து கீது, பாத்து வரணும். தொட்டியாண்ட வா, நான் வண்டிய எடுத்துக்கினு வரேன்."

காரைத் திருப்பினேன். டிக்கியில் இளநீர் ஒரு பக்கமாகச் சரிந்தது. தனசேகர் முன்சீட்டில் உட்கார்ந்தான். இந்தத் தடவை வழி சொல்லவில்லை.

தண்ணித் தொட்டிக்கு அடியில் பச்சை ஸ்கூட்டியில் ரோஸ்லின் காத்திருந்தாள். நைட்டிக்கு மேல் மழைக்கோட்டு, கழுத்தில் இன்னும் கழற்றாத கம்பெனி அடையாள அட்டை. ஒரகடத்தில் கார்களுக்கு ஒயர் கட்டும் வேலை, ராத்திரி ஷிஃப்ட். ஜன்னலில் குனிந்து மல்லிகாவைப் பார்த்தாள். முகம் மாறியது. மாறினதை உடனே மறைத்துக்கொண்டாள்.

"என் பின்னாடியே வாங்க சார். என் டயர் போன எடத்துலயே வுடுங்க. தள்ளி வுடாதீங்க," என்றாள் என்னிடம். தனசேகரைப் பார்க்கவில்லை.

தொட்டியைத் தாண்டினதும் சிமெண்ட் ரோடு. நல்ல ரோடு. தனசேகர் அதைப் பார்த்துக்கொண்டே வந்தான். இருபுறமும் தொகுப்பு வீடுகள், ஒரு சின்ன சர்ச், அதன் பக்கத்திலேயே மாரியம்மன், செல்போன் ரீசார்ஜ் கடை, கட்டிப் போட்ட ஆடு. நூறு அடி போனதும் நின்றோம். தெருவை அடைத்து ஷாமியானா. ஒரு பெண்ணுக்கு மஞ்சள் நீராட்டு. ஸ்பீக்கர் அலறிக்கொண்டிருந்தது.

ரோஸ்லின் இறங்கி ஓடினாள். பாட்டு நின்றது. பத்து இருபது முகங்கள் திரும்பிக் காரைப் பார்த்தன, பிறகு காருக்குள்ளே முன்சீட்டைப் பார்த்தன. வேட்டியை மடித்துக் கட்டின ஒருவர் வந்தார். ஏழுமலை, தனசேகரின் வயலில் வரப்பு வெட்டுகிறவர், கட்டுப் போட்ட கைக்குப் பதிலாக இந்த வாரம் உரம் போட்டவரும் அவர்தான்.

"இன்னாண்ணே, வழி தப்பி வந்துட்டியா?"

"இல்ல ஏழுமல... பாலம் முங்கிடுச்சு. தங்கச்சிக்கு..."

"ரோடு போட்டு ஆறு வருசம் ஆவுதுண்ணே. இன்னைக்காவது உன் கண்ணுல பட்டுச்சே."

பின்னால் யாரோ சிரித்தார்கள். ஏழுமலை சிரிக்கவில்லை, அவர் மல்லிகாவைப் பார்த்துவிட்டார். "டேய், அந்தக் கம்பத்தப் புடுங்குங்கடா. நாற்காலிய தூக்கு. அம்மா, கோலத்து மேல ஏறினா ஏறட்டும், வுடு." நாலு பேர் கம்பத்தைப் பிடுங்கி, துணியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். தேங்கியிருந்த மழைநீர் அவர்கள் முதுகில் கொட்டியது. அந்தத் துணிக்கு அடியில் காரை ஓட்டிக்கொண்டு போனேன். மஞ்சள் பூசின பெண் மணையில் உட்கார்ந்தபடி கையசைத்தாள், ஊர்வலம் என்று நினைத்துக்கொண்டாளோ என்னவோ.

வீடுகள் முடிந்தன. ஏரிக்கரை. அதன் அடிவாரத்தில் ஒரு வண்டி அகலத்துக்கு ரோடு. இடது பக்கம் கரை, அதற்கு மேலே கண்ணுக்குத் தெரியாமல் முழு ஏரி. வலது பக்கம் முழங்கால் ஆழத் தண்ணீரில் வயல். தலைக்கு மேலே தண்ணீர் இருக்கிறது என்ற நினைப்பு பிடரியில் உட்கார்ந்துகொண்டது. மலைப்பாதையில் ஓட்டிப் பழகினவன் நான், பள்ளத்துக்குப் பயந்திருக்கிறேன். மேலே இருக்கும் தண்ணீருக்கு அன்றைக்குத்தான் பயந்தேன்.

ஊற்று வந்தது. கரையின் காலிலிருந்து தண்ணீர் குமிழியிட்டு ரோட்டைக் குறுக்கே கடந்தது. ரோஸ்லின் ஸ்கூட்டியை நிறுத்தி, இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டுக் காலால் தடவித் தடவி நடந்து பார்த்தாள். பிறகு வயல் ஓரமாக, வெறும் சக்கர அகலத்தில், மெல்ல ஓட்டிப் போனாள்.

"கவிஞரே, கிளட்ச அரையில வெய்யி. நிறுத்தாத," என்றான் தனசேகர். பக்கத்தில் இருந்த எனக்கே குரல் சரியாகக் கேட்கவில்லை.

வலது சக்கரம் எங்கோ இறங்கியது. கார் சாய்ந்தது. டிக்கியில் சாக்கு முழுதும் உருண்டு மோதியது. மல்லிகா மூச்சை உள்ளே இழுத்தாள், வெளியே விடவில்லை. நான் நிறுத்தவில்லை. முன்னால் பச்சை நிறம் ஒன்று மட்டும்தான் உலகத்தில் இருந்தது. சக்கரம் எதையோ பற்றிக்கொண்டு ஏறியது.

தார் ரோடு வந்ததும் ரோஸ்லின் ஓரம் கட்டினாள். மணி பத்து நாற்பது. ஜன்னலில் கையை விட்டு மல்லிகாவின் கன்னத்தைத் தொட்டாள்.

"பத்தாவதுலேந்து சொல்லிக்கினு இருந்தே, உங்க வூட்டுக்கு வரேன் வரேன்னு. இன்னைக்குத்தான் வந்தே. அதுவும் எறங்காம போறே."

மல்லிகா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் வண்டியை எடுத்த பிறகுதான் விரல்கள் பிரிந்தன.

திருமுக்கூடல் பாலத்தில் மூன்று ஆறும் ஒன்றாகக் கலங்கிப் போய்க்கொண்டிருந்தன. எது பாலாறு, எது செய்யாறு, எது வேகவதி என்று தண்ணீரைப் பார்த்துச் சொல்ல முடியாது. வேறு நாளாக இருந்தால் இறங்கி நின்றிருப்பேன். பின்கண்ணாடியில் மல்லிகாவின் மார்பு ஏறி இறங்குகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டு ஓட்டினேன். ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தும்போது பதினொன்று ஐம்பது. சக்கர நாற்காலியோடு நர்ஸ் ஓடி வந்தார்.

நாலு மணி நேரம். முடிந்து வெளியே வந்தவள் வேறொருத்தி. கன்னத்து எலும்பு திரும்ப வந்திருந்தது. "பசிக்குது," என்றாள். உப்பில்லாத இட்லிக்கு எங்கே போவது? இரண்டு ரஸ்க் வாங்கிக் கொடுத்தோம்.

பொழுது சாய்வதற்குள் அதே வழியில் திரும்பினோம். பந்தலைத் திரும்ப நட்டிருந்தார்கள். எங்களுக்காக மறுபடி பிடுங்கினார்கள். மல்லிகா இந்தத் தடவை இறங்கினாள். ரோஸ்லின் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டு, டீயை மோந்து பார்த்தாள். நான் டிக்கியைத் திறந்து இளநீர்ச் சாக்கை இறக்கினேன்.

"இதான் காத்தாலேந்து டமார் டமார்னு இடிச்சுக்கினு வந்ததா?" என்றாள் ரோஸ்லின். "நான் எஞ்சின்தான் கழண்டு பூடுச்சுன்னு பயந்தேன்."

தனசேகர் காரை விட்டு இறங்கினான். நின்றான். ஏழுமலை ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். உட்காரவில்லை. "டைம் ஆவுது," என்றான்.

மறுநாள் காலை டீக்கடையில் கூட்டம். தரைப்பாலம் இன்னும் தண்ணீருக்குள். டிராக்டர்காரர் கேட்டார்.

"அப்பறம் எப்பிடிதான் போனே?"

"சுத்திக்கினு பூட்டோம்," என்றான் தனசேகர்.

"எப்பிடி சுத்தினே? அந்தாண்டதான் வழியே கெடையாதே."

தனசேகர் கிளாஸைப் பார்த்தான். "டீல சக்கர கம்மிப்பா," என்றான் கடைக்காரரிடம். கடைக்கு வெளியே பேப்பர் கப்போடு ஏழுமலை நின்றிருந்தார். காதில் விழுந்தது. டீயை ஊதிக் குடித்தார், அவ்வளவுதான்.

நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. விருந்தாளி என்று எனக்குள் ஒரு காரணம் தயாராக இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது வேறொன்று ஞாபகம் வந்தது. பொள்ளாச்சியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு சந்து. எங்கள் தோப்பில் காய் போடுகிறவர் அங்கிருந்துதான் வருகிறார். அந்த இளநீரை மரமேறி இறக்கிக் கொடுத்தவர் அவர். ஐம்பது வயதாகிறது எனக்கு. சந்தின் வாயில் நின்று கூப்பிட்டிருக்கிறேன். உள்ளே அது எங்கே திரும்புகிறது, எங்கே முடிகிறது என்று எனக்குத் தெரியாது.

கிளம்பும் நாள் விடியற்காலையில் மல்லிகா மாடிக்குக் கூப்பிட்டாள். ஐந்து மணி. கிழக்கே இருட்டில் ஒரு வெளிச்சம் ஏரிப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தது.

"தோ, ஊத்து. மெதுவாப் போவுது பாரு... தோ, சர்ச்சு. இப்போ நிக்கும். நின்னுச்சா? ரோஸ்லின் எறங்குறா." வெளிச்சம் நின்றது, நகர்ந்தது. "ரெண்டு வருசமா தூக்கம் இல்லாம இத்தப் பாத்துக்கினு கீறேண்ணா. லைட்டுதான் தெரிஞ்சுது. இப்போதான் அதுல வூடு தெரியுது."

கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு சொன்னாள். "இத்த எழுதுவ இல்ல? எழுதினா வழிய எழுதுண்ணா. இவன் சொல்லமாட்டான்."

எழுதுகிறேன். தரைப்பாலம் முங்கியிருந்தால் காரைத் திருப்பவும். கிழக்கே தண்ணித் தொட்டி. அதைத் தாண்டி நேராகப் போகவும், ரோடு இருக்கிறது. சர்ச்சும் மாரியம்மனும் இடது பக்கம். வீடுகள் முடிந்ததும் ஏரிக்கரையோரமாகத் திரும்பவும். ஊற்று வரும் இடத்தில் வயல் பக்கம் ஒட்டி, நிறுத்தாமல் ஓட்டவும். அப்பால் தார் ரோடு. பகலில் போகிறவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். சர்ச்சுக்கு அடுத்த வீட்டு வாசலில் பச்சை ஸ்கூட்டி நின்றால், உள்ளே ராத்திரி ஷிஃப்ட் முடித்து வந்த ஒருத்தி தூங்கிக்கொண்டிருப்பாள். அங்கே மட்டும் ஹாரன் அடிக்க வேண்டாம்.